ஆர்.ஈ.1, ஆகன் முதல் ஹம் வரை: வண்டி யாருடையது, தாமதம் யாருடையது?

ஆகன்_மாணவன் | சனி 21:14

வணக்கம். ஊர் ஈரோடு. ஜெர்மனில ஆகன்ல மாஸ்டர்ஸ் படிக்க வந்து ஒன்றரை வருஷம் ஆச்சு. ஹம் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போகணும்னு ரொம்ப நாளா ஆசை. ஆப்ல தேடிப் பாத்தா ஒரே ட்ரெயின், எங்கயும் மாற வேண்டாம்: ஆர்.ஈ.1 (ரீஜனல் எக்ஸ்பிரஸ்). இங்க கிளம்புது, அங்க போய் முடியுது. டொய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க உள்ளூர் வண்டிக்கான மாச பாஸ்) இருக்கறதால தனியா காசும் இல்ல.

ஒரு சந்தேகம். ஸ்டேஷன் போர்டுல ஆர்.ஈ.1னு இருக்கு. வண்டி மேல ஆர்.ஆர்.எக்ஸ்னு பெருசா எழுதியிருக்கு. உள்ள ஒட்டியிருக்கற நோட்டீஸ்ல நேஷனல் எக்ஸ்பிரஸ். கூடப் படிக்கிறவனக் கேட்டா "எல்லாம் டொய்ச்ச பான்தான்டா"ங்கறான், அதாவது ஜெர்மன் அரசு ரயில்வேயாம். இதுல எது உண்மை? அப்புறம், நேரத்துக்குப் போய்ச் சேருமா?

வடிவு_ஹம் | சனி 21:40

வாங்கோ தம்பி. தேர் ஜூனிலை, இப்ப வந்தால் சனம் குறைவு, நிம்மதியாக் கும்பிடலாம். றெயின் கடைசி ஸ்டேஷன் ஹம், நித்திரை கொண்டாலும் தவற விடமாட்டியள். அங்கையிருந்து ஊன்ட்ரொப் பக்கம் போற பஸ் எடுக்க வேணும். கோயில் ஊருக்கு வெளியிலை, பக்டரியள் இருக்கிற இடத்திலை நிக்குது. முதல்முறை வாற ஆக்கள் "பிழையான பஸ்ஸிலை ஏறிட்டம்" எண்டுதான் நினைப்பினம். கோபுரம் தெரியுமட்டும் நம்பிக்கையோடை இருங்கோ.

உங்கட மற்றக் கேள்விக்குத் தண்டவாளம் அண்ணை வருவார். இண்டைக்கு ராத்திரி நித்திரை கொள்ளமாட்டார் 😄

தண்டவாளம்_89 | சனி 22:31

வந்திட்டன் பிள்ளை.

தம்பி, நீங்கள் பாத்த மூண்டு பேரும் சரி. உங்கட நண்பன் சொன்ன நாலாவது, கால்வாசி சரி.

தண்டவாளம், சிக்னல், ஸ்டேஷன் எல்லாம் டொய்ச்ச பானின்ர கிளை நிறுவனத்தின்ர பொறுப்பு. 2024 ஜனவரியிலை இருந்து அதுக்கு இன்ஃபிராகோ எண்டு பேர். வண்டியை ஓட்டுறதும் சாரதிக்குச் சம்பளம் குடுக்கிறதும் நேஷனல் எக்ஸ்பிரஸ், பிரித்தானியக் கம்பனியின்ர ஜெர்மன் கிளை. ஆனால் வண்டி அவையின்ர இல்லை. வி.ஆர்.ஆர்., என்.டபிள்யூ.எல். மாதிரியான பிராந்தியப் போக்குவரத்துச் சங்கங்கள் சேர்ந்து வாங்கினது. அந்தச் சங்கங்கள் ஆரெண்டால் நகரசபைகளும் மாவட்டங்களும். அதாவது பொதுச்சொத்து. வண்டியைத் திருத்திக் கழுவித் துடைச்சு ஒவ்வொரு நாளும் ஓடுற நிலையிலை ஒப்படைக்கிறது, அதைக் கட்டின சீமென்ஸ். 2015இலை 82 வண்டிக்கு ஓடர் குடுக்கேக்கையே 32 வருஷப் பராமரிப்பையும் சேர்த்து எழுதிப்போட்டினம். வண்டி செய்தது கிரேஃபெல்டிலை, பட்டறை எங்கட டோர்ட்முண்ட் ஏவிங்கிலை. எல்லாம் இதே நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் மாநிலத்துக்குள்ளைதான்.

ஆர்.ஈ.1 எண்டது தடத்தின்ர பேர். ஆர்.ஆர்.எக்ஸ், ரைன்-ரூர் எக்ஸ்பிரஸ், எண்டது ஒரு பெரிய திட்டத்தின்ர பேர். அந்தத் திட்டத்திலை ஆர்.ஈ.1 மட்டும் இல்லை. 4, 5, 6, 11 எல்லாம் அதே வண்டியிலைதான் ஓடுது.

ஒரு சின்ன விசயம்: இங்கை ஆரிட்டையும் "ஆர்.ஈ.ஒண்டு" எண்டு கேட்டால் முழிப்பினம். "ஏர்-ஏ ஐன்ஸ்" எண்டு கேளுங்கோ.

ரூர்க்காரன் | சனி 23:05

அண்ணை அழகாச் சொல்லிப்போட்டார். நான் உதையே திருப்பிச் சொல்லுறன்: ஒரு றெயினுக்கு நாலு முதலாளி. றெயின் பிந்தினால் ஆரைக் கேக்கிறது? ஓட்டுறவை தண்டவாளக்காரரைக் காட்டுவினம், தண்டவாளக்காரர் தண்டவாளத்திலை நடக்கிற கட்டிட வேலையைக் காட்டுவினம், சங்கம் கடிதம் எழுதும். பழைய பூண்டஸ்பான் (அரசாங்க றெயில்வே) காலத்திலை ஒரே தொப்பி, ஒரே சீருடை. ஏசுறதெண்டாலும் ஒராளை ஏசலாம்.

தண்டவாளம்_89 | சனி 23:48

ரூர்க்காரன் தம்பி, நீர் பூண்டஸ்பான் காலத்திலை டோர்ட்முண்டிலை இருந்து ஆகனுக்குப் போனனீரோ? நான் போனனான். 89இலை வந்த புதுசிலை, பொக்கற்றிலை ஒரு காகிதத்திலை நேர அட்டவணையை எழுதி வைச்சுக்கொண்டு திரிஞ்சனான். ஒரு மணிக்கு ஒருமாதிரி, அடுத்த மணிக்கு இன்னொருமாதிரி.

1994இலை பான், அதாவது றெயில்வே, சீர்திருத்தம். 1996இலை உள்ளூர் றெயினுக்கான பொறுப்பும் காசும் மத்தியிலை இருந்து மாநிலங்களுக்கு வந்தது. அதுக்குப் பிறகுதான் 1998இலை நோர்த்ரைன்-வெஸ்ட்ஃபாலன் முழுக்க ஒரே கணக்கிலை அட்டவணை போட்டவை: ஒவ்வொரு மணித்தியாலமும் அதே நிமிசத்திலை அதே றெயின். அந்த வலையிலை ஒண்டாம் நம்பர் இந்தத் தடத்துக்குக் கிடைச்சது, "என்.ஆர்.டபிள்யூ எக்ஸ்பிரஸ்" எண்டு பேரும் வைச்சினம். என்ர காகிதத்தைக் கிழிச்சுப் போட்டது அந்த வருஷம்தான். நிமிசம் மட்டும் ஞாபகம் இருந்தால் காணும்.

ஒரே தொப்பி இருந்தது உண்மை. ஒரே நிமிசம் இருக்கேல்லை.

எசன்பிள்ளை | ஞாயிறு 09:20

வணக்கம். நான் எசனில் பிறந்தவள், தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் மன்னியுங்கள். படித்தது போக்குவரத்துத் திட்டமிடல் என்பதால் இந்த இழையைக் கண்டதும் விட முடியவில்லை.

ரூர்க்காரன் அண்ணா சொல்கிற "நாலு முதலாளி" பிரச்சினை உண்மை. ஆனால் அதே நாலு முதலாளி முறைதான் 2022இல் இந்த றெயினைக் காப்பாற்றியது. அந்தக் கதையைச் சொல்கிறேன்.

2015இல் டெண்டர் முடிந்தபோது ஆர்.ஈ.1, ஆர்.ஈ.11 இரண்டையும் எடுத்தது நேஷனல் எக்ஸ்பிரஸ் இல்லை, அபெலியோ. அது டச்சு அரச ரயில்வேயின் நிறுவனம். 2018 டிசம்பரில் ஆர்.ஈ.11இல் புது வண்டி வந்தது. ஆர்.ஈ.1இல் 2020 ஜூனில். நினைவிருக்கிறதா, கொரோனாவின் முதல் கோடை. இத்தனை வருடம் நெரிசலுக்காகக் காத்திருந்து வாங்கிய வண்டி, ஆளே இல்லாமல் ஓடியது.

அபெலியோ எழுதிக் கொடுத்த விலை பல வருடத்துக்கு முன்னர் போட்ட கணக்கு. அதற்குள் சாரதிகளின் சம்பளம் கூடியது, ஆள் பற்றாக்குறை, கட்டிட வேலையால் வண்டி ஓடாத நாட்களில் பதில் பேருந்துச் செலவு, பிந்தினால் அபராதம். டச்சுத் தாய் நிறுவனம் இனிப் பணம் போட மாட்டேன் என்றது. 2021 கோடையில் திவால் பாதுகாப்பு நடைமுறைக்குப் போனார்கள். பேச்சுவார்த்தை முறிந்து, 2022 ஜனவரி 31 இரவோடு இந்த மாநிலத்தில் அபெலியோ முடிந்தது.

அடுத்த நாள் காலை ஆர்.ஈ.1 ஓடியது. அதே வண்டி. நேஷனல் எக்ஸ்பிரஸ் அவசர ஒப்பந்தத்தில் எடுத்தது, பணியாளர்களில் பெரும்பாலானோர் அப்படியே மாறிக்கொண்டார்கள். பிறகு 2023 டிசம்பரிலிருந்து முறையான டெண்டர் வழியாகவும் அவர்களுக்கே கிடைத்தது.

வண்டி அபெலியோவின் சொத்தாக இருந்திருந்தால்? 82 வண்டி அளவு இல்லாவிட்டாலும், இந்தத் தடத்துக்கு வேண்டிய இரட்டைத்தட்டு வண்டிகளை ஒரே இரவில் எந்தச் சந்தையில் வாங்குவது? வண்டி வங்கிக்கோ வாடகை நிறுவனத்துக்கோ போயிருக்கும், நாங்கள் பிளாட்போர்மில் நின்றிருப்போம்.

ரூர்க்காரன் | ஞாயிறு 10:02

சரி, இது எனக்குத் தெரியாது. அபெலியோ போனது தெரியும், வண்டி ஏன் போகேல்லை எண்டு யோசிக்கேல்லை.

ஆனால் பிள்ளை, நீங்கள் சொன்னதிலையே என்ர கேள்வியும் இருக்கு. கட்டிட வேலை தண்டவாளக்காரர் செய்யினம், அதுக்கான பஸ் செலவு ஓட்டுறவன்ர தலையிலை. அப்ப ஆர் துணிஞ்சு டெண்டர் போடுவினம்?

எசன்பிள்ளை | ஞாயிறு 10:15

சரியான இடத்தில் கை வைத்தீர்கள். வண்டியின் உரிமையைப் பொதுவில் வைத்து அந்த ஆபத்தைத் தீர்த்தார்கள். தண்டவாளத்தின் ஆபத்தை யார் சுமப்பது என்ற சண்டை இன்னும் தீரவில்லை. அபெலியோ சங்கங்களோடு மோதியதில் பெரும்பகுதி அதுதான்.

ஆகன்_மாணவன் | ஞாயிறு 11:30

கோயிலுக்கு வழி கேட்டேன், ஒரு கம்பெனி திவாலான கதையே கிடைச்சிருக்கு. நன்றி அக்கா 🙏

லேட் ஏன் ஆகுதுன்னு யாராவது சொல்லுங்க. இங்க ஆகன்ல கிளம்பறப்ப எல்லாம் சரியாத்தான் கிளம்புது.

தண்டவாளம்_89 | ஞாயிறு 14:12

சாப்பிட்டிட்டு வந்தனான், இப்ப விபரமா எழுதுறன்.

ஆகனிலை இருந்து ஹம்முக்கு மூண்டு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைய. அந்த ஒரே ஓட்டத்திலை நீங்கள் மூண்டு பழைய கம்பனியளின்ர பாதையிலை போறியள். ஆகன்-கோல்ன், ரைன்லாந்துக் கம்பனி 1841இலை போட்டது. ஹோரெமுக்கும் கோல்னுக்கும் இடையிலை கோனிக்ஸ்டோர்ஃப் எண்டு ஒரு மேடு, அதுக்குள்ளாலை 1.6 கிலோமீற்றருக்குச் சுரங்கம் தோண்டினவை. 1950களிலை மேலை இருந்த மண்ணை அப்படியே அள்ளிப்போட்டு அதைத் திறந்த பள்ளமாக்கிப்போட்டினம். இப்ப போகேக்கை இரண்டு பக்கமும் மரம் நிக்கிற சரிவு தெரியும், அதுதான் பழைய சுரங்கம். சுரங்கத்தைக் காணாமல் போகப் பண்ணின ஊர் தம்பி இது.

கோல்னிலை இருந்து டுயிஸ்பூர்க், கோல்ன்-மிண்டன் கம்பனியின்ர பாதை, 1840களின்ர நடுவிலை. அவை டுயிஸ்பூர்க்குக்கு அங்காலை எசன் நகரத்தையும் போகுமையும் விட்டிட்டு வடக்காலை, எம்ஷர் ஆத்துப் பள்ளத்தாலை சமதரையாப் போட்டு 1847இலை ஹம்முக்கு வந்திட்டினம். எசன், போகும் ஆக்களுக்குக் கோவம். பிறகு பெர்கிஷ்-மேர்க்கிஷ் எண்ட போட்டிக் கம்பனி வந்து, 1862இலை அந்த நகரங்களுக்குள்ளாலை பாதையைத் திறந்தது. ஆர்.ஈ.1 டுயிஸ்பூர்க்கிலை இருந்து டோர்ட்முண்ட் மட்டும் போறது இந்தப் போட்டிப் பாதையிலைதான். டோர்ட்முண்டிலை திரும்பவும் பழைய கோல்ன்-மிண்டன் பாதையைப் பிடிச்சு, காமன் தாண்டி ஹம்.

ஏன் இதைச் சொல்லுறன் எண்டால், தாமதத்தின்ர வேர் இஞ்சைதான். 160 வருஷத்துக்கு முந்தின பாதை, இடையிலை வீடும் பக்டரியும் நெருக்கிக் கட்டியாச்சு, அகட்ட இடமில்லை. கோல்ன் மெயின் ஸ்டேஷன் தோம் தேவாலயத்துக்கும் ரைன் ஆத்துக்கும் நடுவிலை நசுங்கி நிக்குது, மொத்தம் 11 தண்டவாளத் தடம். வெளியிலை வந்த உடனை ஹோஹென்சொல்லர்ன் பாலம். 1911இலை கட்டினது, 45இலை குண்டு வைச்சுத் தகர்த்து, திரும்பக் கட்டி, பிறகு ஆறு தடமாக்கினது. நாளுக்கு ஆயிரத்துக்கு மேலை வண்டி அதுக்கு மேலாலை. சனம் வந்து காதல் பூட்டுப் போடுற பாலம் எண்டால் உங்களுக்குத் தெரியும்.

அதுக்கு அங்காலை டுசில்டோர்ஃப் மட்டும் எஸ்-பானுக்கு (நகர றெயின்) தனித்தடம் இருக்கு. மிச்சம் இரண்டு தடத்திலை ஐ.சி.ஈ. எண்ட தூர வேக வண்டியளும் எங்கட ஆர்.ஈ.களும் முண்டியடிக்க வேணும். வேகமான வண்டிக்கு வழிவிட வேணும் எண்டது பொது விதி. பெர்லினிலை இருந்து வாற ஐ.சி.ஈ. பிந்தினால், ஆகனிலை இருந்து சரியா வந்த உங்கட வண்டியும் பிந்தும். நீண்ட தடத்தின்ர சாபம் இது: ஒரு முனையிலை பட்ட அடி மற்ற முனையிலை வீங்கும்.

வடிவு_ஹம் | ஞாயிறு 14:50

மனுசர் தவிர வேற காரணமும் இருக்கு அண்ணை. 2014 பெந்தெகொஸ்தே திங்கள், எலா புயல். நான் எசனிலை தங்கச்சி வீட்டிலை. பின்னேரம் வானம் பச்சையா மாறினதை என்ர வாழ்க்கையிலை அண்டைக்குத்தான் கண்டனான். விடிய எழும்பினால் வீதி முழுக்க மரம். எசனுக்குள்ளை றெயின் ஓடத் தொடங்கப் பல நாள் எடுத்தது. தங்கச்சி வீட்டிலை ஒரு நாளுக்கெண்டு கொண்டு போன உடுப்போடை ஒரு கிழமை இருந்தனான்.

ரூர்க்காரன் | ஞாயிறு 15:33

அண்ணை, இரண்டு தடம் காணாது எண்டது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். பிறகேன் போடுறேல்லை?

தண்டவாளம்_89 | ஞாயிறு 16:20

போட நினைக்காமல் இல்லை. பிழையான சாமானைப் போட நினைச்சதிலை காலம் போச்சு.

2000களின்ர தொடக்கத்திலை டோர்ட்முண்ட்-டுசில்டோர்ஃப் இடையிலை காந்த றெயின் விடப் போறம் எண்டவை. மெட்ரோராப்பிட். ஷங்காயிலை ஓடுறதே, அந்த ரகம். 2006 உலகக் கோப்பைக்கு முதல் ஓடவேணும் எண்டது கனவு. இரண்டு நகரத்துக்கும் நடுவிலை ஐஞ்சாறு இடத்திலை நிக்கவேணும். 400 கிலோமீற்றர் வேகத்திலை ஓடக்கூடிய சாமான் எசனிலை நிண்டு போகுமிலை நிண்டு போனால் அந்த வேகத்தாலை என்ன பலன்? பட்டு வேட்டி கட்டிக்கொண்டு சேத்திலை உழுற வேலை. 2003இலை அப்ப மாநில முதல்வரா இருந்த பேர் ஷ்டைன்பிரூக் திட்டத்தை நிப்பாட்டினார். அதுக்குப் பதிலாத்தான், சாதாரண தண்டவாளத்திலை, கோல்னுக்கும் டோர்ட்முண்டுக்கும் இடையிலை 15 நிமிசத்துக்கு ஒருக்கால் வேக வண்டி எண்ட யோசனை வளந்தது. அதுதான் ஆர்.ஆர்.எக்ஸ்.

என்ர கணிப்பிலை அந்த நிப்பாட்டினது இந்த மாநில றெயினுக்கு நடந்த நல்ல காரியங்களிலை ஒண்டு.

எசன்பிள்ளை | ஞாயிறு 17:05

ஆனால் அண்ணா, ஆர்.ஆர்.எக்ஸில் வந்து சேர்ந்தது வண்டி மட்டும்தான். 15 நிமிடம் இன்னும் வரவில்லை. அதற்கு டுசில்டோர்ஃபுக்கும் டுயிஸ்பூர்க்குக்கும் நடுவில் ஆறு தடம் வேண்டும், கோல்ன்-ம்யூல்ஹைமுக்கு வடக்கே கூடுதல் தடம் வேண்டும். டுசில்டோர்ஃபின் வடக்கு எல்லையில் ஆங்கர்முண்ட் என்று ஒரு அமைதியான பகுதி. அங்குள்ளவர்கள் பல வருடமாகக் கேட்பது: தடத்தை அகட்டுங்கள், ஆனால் மேலே மூடிக் கட்டுங்கள், எங்களுக்கு உயரமான சத்தத் தடுப்புச் சுவர் வேண்டாம், ஊர் இரண்டாகப் பிளக்கும்.

வேலையில் சிலர் அவர்களைச் சுயநலக்காரர் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆறு தடத்துக்குப் பக்கத்தில் படுத்து எழும்புகிறவர்கள் அவர்கள். ஆனால் ஒரு கிராமத்தின் சுவருக்காக மாநிலம் முழுவதும் காத்திருப்பதும் நியாயமில்லை. இரண்டு பக்கமும் எனக்கு விளங்குகிறது, அதனால் இந்த விடயத்தில் நான் நல்ல வழக்கறிஞர் இல்லை.

வந்து சேர்ந்தவற்றில் வெளியே தெரியாத ஒன்றும் உண்டு: பிளாட்போர்ம் உயரம். புது வண்டியின் வாசல் 76 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அமைந்தது. பழைய பிளாட்போர்ம் பல இடங்களில் அதைவிடத் தாழ்வு. ஸ்டேஷன் ஸ்டேஷனாக உயர்த்தி, இரண்டு வண்டி கொளுவி நிற்கிற அளவுக்கு நீட்டி வருகிறார்கள். சக்கர நாற்காலியில் இருக்கிற என் அப்பம்மாவுக்கு 15 நிமிட அட்டவணையைவிட அந்த 76 சென்ரிமீற்றர் பெரிது.

ரூர்க்காரன் | ஞாயிறு 17:40

டுயிஸ்பூர்க் ஸ்டேஷன் கூரையை விட்டிட்டியளே. 1930களிலை கட்டின கூரை, மழைக்கு உள்ளுக்கை நிண்டு குடை பிடிச்ச சனம் நாங்கள். 2022இலை இருந்து அலை மாதிரிக் கூரை போடுகினம், பாதி முடிஞ்ச பக்கம் நல்ல வடிவுதான். இதிலை மட்டும் நான் ஏசமாட்டன்.

வடிவு_ஹம் | ஞாயிறு 18:15

நீங்கள் எல்லாரும் தண்டவாளம் கதைக்கிறியள், நான் டிக்கெட் கதைக்கிறன். இந்த றெயினிலை தமிழ்ச்சனம் ஏறினதுக்குக் காரணம் அதுதான்.

95இலை வார இறுதி டிக்கெட் எண்டு விட்டவை. ஐஞ்சு பேருக்கு 15 மார்க் (பழைய ஜெர்மன் காசு), சனி ஞாயிறு இரண்டு நாளும், நாடு முழுக்க உள்ளூர் வண்டியிலை போகலாம். கார் இல்லாத காலம். ஐஞ்சு பேர் சேராட்டி ஸ்டேஷனிலை நிண்டு தமிழ் முகம் தேடுவம். "நீங்களும் ஹம்முக்கோ?" எண்டு கேட்டால் காணும். அப்பிடி ஒரு டிக்கெட்டிலை சேந்த இரண்டு குடும்பம் இப்ப சம்பந்தி, நான் சாட்சி. கோயில் அப்ப இப்ப இருக்கிற இடத்திலை இல்லை. 89இலை ஒரு வீட்டு நிலக்கீழ் அறையிலை தொடங்கினது. ஊன்ட்ரொப்பிலை கோபுரத்தோடை கும்பாபிஷேகம் நடந்தது 2002 ஜூலை.

அந்த டிக்கெட்டை 2019இலை நிப்பாட்டிப்போட்டினம். பிறகு 2022 கோடையிலை 9 யூரோ டிக்கெட், 2023 மே மாசம் டொய்ச்லாண்ட் டிக்கெட் 49 யூரோ, 2025இலை 58. விலை ஏறினாலும் மாதம் முழுக்க எண்டபடியால் குறை சொல்ல மனம் வரேல்லை. ஆனால் இப்ப ஆரும் ஸ்டேஷனிலை ஐஞ்சாவது ஆளைத் தேடுறேல்லை. எல்லாரிட்டையும் தனித்தனி டிக்கெட்.

தண்டவாளம்_89 | ஞாயிறு 19:01

பிள்ளை, அந்தக் காலத்திலை என்னையும் ஒருக்கால் ஐஞ்சாவது ஆளா இழுத்துக்கொண்டு போனது. அப்ப வண்டி ஹம் தாண்டிப் பாடர்போர்ன் மட்டும் போறது. இப்ப அந்த அங்காலைப் பக்கம் ஆர்.ஈ.11இன்ர வேலை. நான் நித்திரையாகி ஹம்மைத் தாண்டிப் போய், திரும்பி வந்து சேரேக்கை பூசை முடிஞ்சுது. ஆகன் தம்பிக்கு அந்தப் பயம் இல்லை.

ஆகன்_மாணவன் | ஞாயிறு 20:26

முடிவு பண்ணிட்டேன், வர்ற சனிக்கிழமை. ரெண்டு ஃப்ரெண்ட்ஸ் கூட வர்றாங்க, ஒருத்தன் கோல்ன்ல ஏறுவான். எங்க உக்காரணும்னு ஏதாவது சொல்லுங்க.

எசன்பிள்ளை | ஞாயிறு 20:44

முக்கியமான ஒன்று: பெரும்பாலும் இரண்டு வண்டியைக் கொளுவித்தான் ஓடுவார்கள். ஒவ்வொன்றும் நாலு பெட்டி, 400 இருக்கை. ஆனால் ஒரு வண்டியிலிருந்து மற்றதுக்கு உள்ளே நடந்து போக வழி இல்லை. கோல்னில் ஏறுகிற நண்பரிடம் முன் வண்டியா பின் வண்டியா என்று முன்பே சொல்லுங்கள். முனைப் பெட்டிகள் ஒற்றைத்தட்டு, நடுவில் இரண்டும் இரட்டைத்தட்டு. மேல்தட்டில் உட்கார்ந்தால் பாலம் நன்றாகத் தெரியும்.

ஆகன்_மாணவன் | சனி 22:50

போயிட்டு வந்தாச்சு. ட்ரெயின் ஹம்முக்கு நேரத்துக்குப் போய்ச் சேந்துது, ரூர்க்காரன் அண்ணா நம்பமாட்டீங்க. கோல்ன்ல ஏறுனவன் பின் வண்டில ஏறிட்டான். எசன் அக்கா சொன்னதை நான்தான் அவனுக்குச் சொல்ல மறந்துட்டேன். டோர்ட்முண்ட்ல இறங்கி பிளாட்ஃபார்ம்லயே ஓடி வந்து சேந்தான்.

கோனிக்ஸ்டோர்ஃப் பள்ளத்தைப் பாத்தேன் அண்ணா. பக்கத்துல இருந்த ஜெர்மன்காரர்கிட்ட இது பழைய சுரங்கம்னு சொன்னேன். முப்பது வருஷமா இதுல போறாராம், அவருக்கே தெரியல.

ஹம்ல இறங்கினதும் எதிர்ப் பிளாட்ஃபார்ம்ல பெர்லின்லருந்து வந்த ஐ.சி.ஈ. நின்னுச்சு. அதை அங்கேயே ரெண்டாப் பிரிச்சாங்க, ஒண்ணு டோர்ட்முண்ட் பக்கம், இன்னொண்ணு வூப்பர்டால் பக்கம். மூணு பேரும் வாயப் பொளந்துட்டு பாத்துட்டிருந்ததுல கோயில் பஸ் போயிடுச்சு.

வடிவு_ஹம் | சனி 22:58

அட கடவுளே. எனக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாமே தம்பி, நான் காரிலை ஏத்தியிருப்பன். பிரசாதம் கிடைச்சதோ?

ஆகன்_மாணவன் | சனி 23:04

கிடைச்சுதுக்கா. சர்க்கரைப் பொங்கல், ரெண்டு தடவ வாங்கினேன்.

தண்டவாளம்_89 | சனி 23:10

ஐ.சி.ஈ. பிரிக்கிறதை வீடியோ எடுத்தனீரோ?